பக்கெட்டில் காற்றைப் பிடித்தால் கொள்கை ஆகிவிடுமா?

உப்பனாறு (இழையைத் தொடங்கியவர்)

பக்கத்து இழையில் 'கொள்கைக்காரி' என்பவர் ஒரு கல்லூரிப் பையனுக்குச் சொன்ன அறிவுரையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் கொள்கை அளவில் வேலை பார்க்க வேண்டுமானால் வெளிநாட்டில் ஒரு எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) முடித்துவிட்டு வா. அது இல்லாமல் கோஷம் போடலாம், கொள்கை எழுத முடியாது."

அம்மா தாயே, 2004இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, செம்மங்குப்பம் பக்கத்து ஆட்கள் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்துக் காற்றைப் பிடித்தார்கள். 22 ரசாயனங்கள் சிக்கின. அதில் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. அதற்கு முன்னால் வருடக் கணக்கில் "நாற்றம் தாங்கவில்லை" என்று மனு கொடுத்த ஊர். நாற்றத்துக்கு ஏது ஆதாரம்? பக்கெட் வந்த பிறகுதான் நாற்றத்துக்குப் பெயர் கிடைத்தது. நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வாளர்கள் வந்து அளந்ததும் அதற்குப் பின்னால்தான். பக்கெட் பிடித்தவர்களில் எத்தனை பேர் எம்.பி.எச்.? நான் கேட்டு வைக்கிறேன், பதில் வரட்டும்.

கொள்கைக்காரி

வந்துவிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு நன்றி.

அந்தப் பக்கெட்டின் கதை முழுவதும் தெரியுமா சார்? கலிபோர்னியாவில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகையில் தானே நோய்ப்பட்ட எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால், 1995இல் ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனம் வடிவமைத்தது. வெளியே பிளாஸ்டிக், உள்ளே டெட்லார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த காற்றுப் பை. பக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று வால்வு வழியாகப் பைக்குள் வரும். அந்தப் பை கலிபோர்னியா ஆய்வகத்துக்கு விமானம் ஏறியது. 22 என்ற எண்ணைச் சொன்னது அங்கே கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வேதியியலாளர். உங்கள் பக்கெட் சொல்லவில்லை. பக்கெட் வாய் திறக்காது.

உப்பனாறு

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டவன் நான். லேப்காரர் தாளில் எண் எழுதினார் என்பதற்காகக் காய்ச்சல் அவருக்கா வந்தது?

வடிவமைத்தது பொறியாளராம். இருக்கட்டும். பிடித்தது யார்? ராத்திரி இரண்டு மணிக்கு நாற்றம் வரும்போது எழுந்து, காற்று எந்தத் திசை, அழுகிய முட்டைக்கோஸ் வாடையா, நகப்பூச்சு வாடையா என்று நோட்டில் குறித்தது யார்? ஆய்வகத்துக்கு மூக்கு இருக்கிறதா? பக்கெட்டைப் பேசவைத்தது எங்கள் ஊர் மூக்கு.

வேதியியல்\_மூன்றாமாண்டு

வணக்கம். அந்த அறிவுரை எனக்குத்தான் சொல்லப்பட்டது. வெளிநாடு போகப் பணம் இல்லை. விருத்தாசலம் பக்கம் வீடு. பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறேன். அடுத்து என்ன படிப்பது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

செந்தமிழ்க்கிழவர்

வாளி என்று அழகான சொல் இருக்க, பக்கெட் பக்கெட் என்று எத்தனை முறை! காற்றில் மாசு கிடக்கட்டும், மொழியில் இருப்பதை யார் அளப்பது?

உப்பனாறு

ஐயா, கிணற்றடியில் இருந்த இரும்பு வாளியை வாளி என்போம். பிளாஸ்டிக்கில் வந்தால் பக்கெட். எங்கள் ஊரில் அப்படித்தான். தவிர, சன்னலும் சாவியும் மேசையும் வந்த அதே போர்த்துக்கீசியக் கப்பலில்தான் வாளியும் வந்திறங்கியது என்று சொல்வோர் உண்டு. கிளறாதீர்கள்.

கொள்கைக்காரி

சரி, பக்கெட்டை ஓரமாக வையுங்கள். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் நுண்துகள் பி.எம். 2.5 கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்று காட்டியது. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் ஏறுகிறது. 4 கிராம் என்பது ஒரு தாய்க்குத் தெரியாது, மருத்துவச்சிக்கும் தெரியாது. புள்ளியியல் படித்தவருக்குத்தான் தெரியும். அந்த 4 கிராமை எந்தப் பக்கெட்டில் பிடிப்பீர்கள்?

உப்பனாறு

அந்த ஆய்வு எங்கே நடந்தது மேடம்? போரூரில். ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தில். பாஸ்டனில் இல்லை. "வெளிநாட்டில் ஒரு எம்.பி.எச்." என்று எழுதியது உங்கள் கை. போரூருக்கு வடபழனியிலிருந்து டவுன் பஸ் போகிறது.

கொள்கைக்காரி

போரூரா பாரிஸா என்பதல்ல கேள்வி. முறையாகப் படித்தவர்கள் செய்தார்களா இல்லையா என்பதுதான்.

உப்பனாறு

"வெளிநாட்டில்" என்ற சொல் பஸ்ஸில் இறங்கிவிட்டது, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய\_கன்சல்டன்ட்

பதினோரு வருடம் இஐஏ (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிக்கை எழுதும் வேலையில் இருந்தவன். இருவரும் காற்றையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சண்டை நடப்பது காகிதத்தில்.

2006 இஐஏ அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு அறிக்கையில் ஆமை முட்டையிடும் கடற்கரை "ஆமை முட்டைப் பண்ணை" ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒரு மீனவப் பெரியவர் எழுந்து "பண்ணை எப்போது திறக்கப்போகிறீர்கள்" என்று கேட்டார்.

2020இல் புதிய இஐஏ வரைவு வந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்த்துப் போடச் சொன்னது. அதன் அர்த்தம் என்ன? 400 பக்க ஆங்கில அறிக்கையைப் படித்து, அதில் எந்த அட்டவணை பொய் என்று நல்ல தமிழில் நாலு பக்கத்தில் எழுதத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம் என்று அர்த்தம். தம்பி வேதியியல், இதை யோசித்துப் பாருங்கள்.

உப்பனாறு

பதினோரு வருடம் அந்தப் பக்கம் இருந்து அறிக்கை எழுதிவிட்டு இப்போது எங்களுக்குப் பாடம். நீங்கள் எழுதிய எத்தனை அறிக்கையில் "நாற்றம் இல்லை" என்று இருந்தது? ஒரு பக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

பழைய\_கன்சல்டன்ட்

போன மாதம் எண்ணூர் அனல் மின்நிலையச் சாம்பல் இழையிலும் இதையேதான் செய்தீர்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் எவ்வளவு என்று கேட்டேன், என் சாதகத்தை எடுத்தீர்கள். அதில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன்.

உப்பனாறு

அந்த இழையை நெறியாளர் பூட்டிவிட்டார். பூட்டிய வீட்டில் எப்படிப் பதில் சொல்வது?

மலையோரம்

கொடைக்கானலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே பக்கெட்டே கிடையாது. அமெரிக்காவிலிருந்து 1980களில் இடம்பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் ஆலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடியது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. நடுவில் 15 வருடம்! அந்த 15 வருடத்தை இந்த இழையில் யாரும் வேலை என்று கணக்கில் எடுக்க மாட்டீர்கள் போல.

அப்புறம், மண்ணைச் சுத்தம் செய்வது எந்த அளவுக்கு என்ற சண்டை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்றது ஒரு பக்கம். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 என்று வைத்திருக்கிறார்களே, சோலைக்காட்டுக்கு மேல் 20 எதற்கு என்றது மறுபக்கம். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் மண் அறிக்கை படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

கொள்கைக்காரி

நன்றி மலையோரம். நான் சொல்வதும் இதுதான்.

உப்பனாறு

எதுதான்? பழைய இரும்புக்கடையில் மூட்டையைப் பார்த்து "இது என்னடா" என்று கேட்டவர் எம்.பி.எச்.சா? அவர் கேட்காவிட்டால் 20ஆ 1ஆ என்று சண்டை போட உங்களுக்கு மண் ஏது? மூட்டை என்பதும் ஒரு பக்கெட்தான்.

செந்தமிழ்க்கிழவர்

மூட்டை எப்படி வாளி ஆகும்?

உப்பனாறு

ஐயா, உங்களுக்கு இன்றைக்கு வேறு வேலை இல்லையா?

இன்னும் கேளுங்கள். அமெரிக்காவில், லூசியானாவில் நார்கோ என்ற ஊர். ஷெல் ஆலைக்குப் பக்கத்தில் டைமண்ட் என்ற கறுப்பின மக்கள் குடியிருப்பு. மார்கி ரிச்சர்ட் அங்கே பள்ளிக்கூட ஆசிரியை. அவரும் பக்கெட் பிடித்தார். 2002இல் நிறுவனம் அந்த மக்கள் வேறு இடம் போகப் பணம் கொடுக்க ஒத்துக்கொண்டது. 2004இல் அவருக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு. அதே வருடம் அதே பரிசு போபால் விஷவாயுவால் பாதிக்கப்பட்டுப் போராடிய ரஷீதா பீக்கும் சம்பா தேவி சுக்லாவுக்கும். அதே 2004இல்தான் கடலூர்ப் பக்கெட். காசர்கோட்டில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லித் தெளிப்புக்கு எதிராக 1998இல் நீதிமன்றத்தில் தடை வாங்கிய லீலாகுமாரி அம்மா வேளாண் துறை ஊழியர். 2011இல் உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே தடை போட்டது. இதில் யாருடைய பட்டத்தைப் பார்த்துவிட்டுச் சட்டம் வந்தது?

கொள்கைக்காரி

காசர்கோட்டில் பட்ரே கிராமத்தில் ஒரே மாதிரி நோய்கள் வருவதைக் கவனித்து எழுதியவர் ஒரு மருத்துவர். வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பரிசும் கொள்கையும் ஒன்றல்ல. 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கின்றன. பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். பழைய பட்டியலில் பென்சீனே இல்லை. அந்த 5 என்ற எண்ணை எந்தப் பக்கெட் எழுதியது? ஏன் 3 இல்லை, ஏன் 10 இல்லை? பதில் சொல்லுங்கள், நான் இந்த இழையை விட்டே போகிறேன்.

உப்பனாறு

5 என்று எழுதிவிட்டீர்கள். எழுதிய 5ஐ யார் அளக்கிறார்கள்? அளக்க ஆள் இல்லாத இடத்தில் 5 இருந்தால் என்ன, 500 இருந்தால் என்ன? மறுபடியும் பக்கெட்டுக்குத்தான் வர வேண்டும்.

கொள்கைக்காரி

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். 5ஐ எழுதியது யார்?

உப்பனாறு

நானும் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பக்கெட் பிடித்தது யார்?

வேதியியல்\_மூன்றாமாண்டு

மன்னிக்கவும், இரண்டுமே நான் ஆகலாமா? அதாவது எம்.எஸ்சி. படித்துக்கொண்டே ஆர்.டி.ஐ. போடுவது, ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையின் நிபந்தனைகளைப் படிப்பது இந்த மாதிரி. சம்பளம் எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள். வீட்டில் கேட்கிறார்கள்.

பழைய\_கன்சல்டன்ட்

இசைவாணையைப் படிப்பது நல்ல தொடக்கம் தம்பி. ஆலை எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், என்ன விடலாம் என்று நிபந்தனை நிபந்தனையாக இருக்கும். சம்பளம் மட்டும் கேட்காதீர்கள். தொண்டு நிறுவனத்தில் என் தங்கை முதல் வருடம் 14,000 வாங்கினாள். வெளிநாட்டு நிதி நின்றபோது அதுவும் நின்றது.

கொள்கைக்காரி

அதனால்தான் பட்டம் வேண்டும் என்கிறேன். பட்டம் இருந்தால் 14,000க்கு யாரும் கேட்க மாட்டார்கள். நான் கல்விக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

உப்பனாறு

ஆகா. உண்மை வந்துவிட்டது. கடன் வாங்கிப் படித்ததால் மற்றவனும் கடன் வாங்க வேண்டும்.

கொள்கைக்காரி

என் சொந்த விஷயத்தை இழுக்காதீர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் சார்? இதுவரை சொல்லவே இல்லையே.

உப்பனாறு

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பசுமைத் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் நானே நின்று வாதாடியிருக்கிறேன். எந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன், இன்னும் நடக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். எம்.பி.எச். கட்டணம் எவ்வளவு மேடம்?

மலையோரம்

இழையின் தலைப்பில் "கொள்கை" என்று இருக்கிறது. கொள்கை என்றால் என்ன என்று ஒருவராவது சொல்வீர்களா? அறிவிக்கையா, தர அளவா, தீர்ப்பா, பட்ஜெட்டா?

செந்தமிழ்க்கிழவர்

கொள்கை என்பது கொள்வது. கொள்வதற்கு வாளி வேண்டும்.

நெறியாளர்

சாதகம், கடன், தங்கை சம்பளம் இவற்றை விட்டுவிட்டு விஷயத்துக்கு வரவும். அடுத்த தனிப்பட்ட தாக்குதலில் இழை பூட்டப்படும்.

உப்பனாறு

பூட்டுங்கள், பூட்டுங்கள். எண்ணூரையும் பூட்டினீர்கள். நான் நிதானமாகத்தான் இருக்கிறேன். அவர் பக்கெட் வாய் திறக்காது என்றார். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கொள்கைக்காரி

5ஐ எழுதியது யார் என்பதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேதியியல்\_மூன்றாமாண்டு

எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

உப்பனாறு

தம்பி, கொஞ்சம் பொறு. மேடம், அந்தப் பக்கெட்டுக்கு மூடி உண்டு, மூடியில் வால்வு உண்டு. வால்வைத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மேலே போய்ப் படியுங்கள். வாய் திறக்காத பக்கெட்டுக்குள் காற்று எப்படிப் போனது? இங்கே மின்சாரம் போகப்போகிறது, நாளைக் காலையில் மூடியோடு படம் போடுகிறேன்.