பதிமூணு கண் பாலத்தில் கிராஸிங்: டைம்டேபிள் படம் படித்தவர்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் அனுபவம்

புளியரை வாத்தியார்:
ரயில் டைம்டேபிளைக் கோடுகளாகக் காட்டும் இந்தப் படம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிடையாக நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள், வண்டிக்கு ஒரு சாய்ந்த கோடு. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையைத் திரையில் போட்டு, பிள்ளைகளையே மவுஸால் கோட்டை இழுக்கச் சொன்னேன். கொல்லத்திலிருந்து ஏறி வரும் வண்டியை ஒரு பையன் கால் மணி நேரம் தள்ளினான். எதிரே இறங்கும் வண்டியின் கோடு தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் அதை வெட்டியது. அதாவது இரண்டு வண்டியும் அங்கே ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டும், அதுதான் கிராஸிங். மென்பொருள் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஆரியங்காவுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், அது பதிமூணு கண் பாலம் பக்கம். அங்க ஒத்தத் தண்டவாளம்தான். எப்படி சார் கிராஸிங் போடுவாங்க?"

அவளே வந்து ஏறும் வண்டியைத் தென்மலையில் நிறுத்தினாள். சாய்ந்திருந்த கோடு அங்கே கிடையாகப் படுத்தது. "எங்க அம்மா இந்த வண்டியிலதான் வரும் சார். இந்தக் கோட்டுலதான் உக்காந்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் நிற்கும் கோட்டை என்னால் வேகமாகத் தாண்டிப் போக முடிவதில்லை.

வாளையாறு:
சார், ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கோடு வெட்டினாலே தப்பு என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது. எங்கள் போத்தனூர்–பாலக்காடு இரட்டைப் பாதை. எதிரெதிர் வண்டிகளின் கோடு எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ஒரே திசையில் போகிற இரண்டு கோடுகள் நடுவழியில் வெட்டினால்தான் ஆபத்து.

நான் படித்தபோது பகல் வண்டியின் கோட்டையும் இரவு வண்டியின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். எட்டிமடை தாண்டியதும் இரவுக் கோடு மட்டும் கிடைப்பக்கமாக அதிகம் சாய்ந்தது. யானை கடக்கிற காடு, அதனால் இரவில் வேகக் கட்டுப்பாடு. அந்தச் சாய்வு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பழைய கன்ட்ரோலர்:
வண்டிகள் ஓடுவதைக் கவனிக்கும் கன்ட்ரோல் அறையில் எங்கள் காலத்தில் பெரிய தாள், பென்சில், ஸ்கேல். ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் நேரம் சொல்லச் சொல்லக் கோடு நீளும். ஒரு மழை இரவில் அடுத்த ஸ்டேஷனிலிருந்து போன் வரவேயில்லை. மேலே மண் சரிந்து வண்டி நடுவில் நின்றிருந்தது. பென்சிலைத் தாளுக்கு மேலே பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வாளையாறு சொன்னது சரி, ஆனால் ஒற்றைப் பாதையில்தான் தொடங்க வேண்டும். வாத்தியார், கிலோமீட்டரை மட்டும் வைத்துப் படம் போடாதீர்கள். மலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் 10 கிலோமீட்டர் போக 20 நிமிஷம். கிராஸிங் போட இடமில்லாத தூரம் அவ்வளவு என்றால், ஒரு வண்டி போய் எதிர் வண்டி வந்து சேர 40 நிமிஷம் பாதை அடைபட்டுக் கிடக்கும். அதற்கு மேல் சிக்னல் மாற்றும் நேரம், வண்டியை வேறு தண்டவாளத்துக்குத் திருப்பும் பாயின்ட் மாற்றும் நேரம். இதைப் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி விடலாம் என்பது யாரும் சொல்லாமலே புரியும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே நேரம் போடாதீர்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் பேங்கர் இன்ஜின் சேர்க்கிற நேரத்தையும் கழற்றுகிற நேரத்தையும் கிடைக்கோடாகக் காட்டுங்கள். கோடுகள் தப்பாக வெட்டுவதை மென்பொருளே தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் முதல் மாதம் அணைத்து வையுங்கள். அப்புறம், ஹால்ட் என்கிற சின்ன நிறுத்தங்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். அங்கே ஏறலாம், இறங்கலாம். வண்டி ஒதுங்கி நிற்க லூப் என்கிற பக்கத் தண்டவாளம் கிடையாது, கிராஸிங் போட முடியாது.