பைதனில் பணிசெயல் முறைமையைச் சரியாக அறிவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர்களின் கணினிகளில் தமிழ் எழுத்துருக்களை நிறுவித் தருவதற்காகப் பைதன் என்ற நிரல்மொழியில் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். விண்டோஸ், லினக்ஸ், மக்ஓஎஸ் ஆகியவற்றில் எழுத்துருக் கோப்புறை வெவ்வேறு இடங்களில் இருப்பதால், தான் எந்த முறைமையில் இயங்குகிறது என்பதைச் செய்நிரலே முதலில் அறிந்தாக வேண்டும்.

இதற்குப் பைதனில் உள்ள வழிகளுள் ‘ஓஎஸ்.நேம்’ (os.name) லினக்ஸுக்கும் மக்ஓஎஸுக்கும் ‘போசிக்ஸ்’ என்ற ஒரே விடையைத் தருவதால் எனக்குப் போதாது. ‘சிஸ்.பிளாட்ஃபோம்’ (sys.platform) அவற்றை ‘லினக்ஸ்’, ‘டார்வின்’ எனப் பிரித்துத் தருகிறது. 64 பிட் விண்டோஸிலும் அதன் விடை ‘வின்32’ என்பதே. இதையே பயன்படுத்துவது நல்லது என்பது என் எண்ணம்.

ஆனால் விண்டோஸுக்குள் இயங்கும் லினக்ஸ் துணைமுறைமையில், எழுத்துரு விண்டோஸ் பக்கத்தில் தேவைப்படும்போதும், விடை ‘லினக்ஸ்’ என்றே வருகிறது. ‘பிளாட்ஃபோம்.ரிலீஸ்’ (platform.release) தரும் கேர்னல் (முறைமையின் மையப் பகுதி) விவரத்தில் ‘மைக்ரோசொஃப்ட்’ என்ற சொல் உள்ளதா எனத் தேடுவது நம்பத்தக்க வழியா? அதைவிட உறுதியான சோதனை ஏதேனும் உண்டா?

அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் பயிலும் மாணவர்களையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. பைதன் 3.13 முதல் அங்கே ‘சிஸ்.பிளாட்ஃபோம்’ மூலம் ‘அன்ட்ரொயிட்’ என்ற விடை கிடைக்கிறது. முந்திய பதிப்புகளில் ‘லினக்ஸ்’ என்றே வரும். அப்பதிப்புகளில் ‘சிஸ்’ தொகுதிக்குள், அன்ட்ரொயிட்டில் மட்டும் காணப்படும் ‘கெட்அன்ட்ரொயிட்ஏபிஐலெவல்’ (getandroidapilevel) என்ற செயற்கூறு இருக்கிறதா எனப் பார்த்துத் தீர்மானித்த அனுபவம் உள்ளவர்கள், இயலுமாயின் நிரல்வரிகளுடன், தயவுசெய்து விளக்குங்கள்.