குழாய் நீரின் பிஎச் 8. கார்டினல் டெட்ராவுக்காகக் குறைக்க வேண்டுமா?

செவுள்:
வணக்கம் நண்பர்களே. 100 லிட்டர் மீன் தொட்டி, வெப்பநிலை 26 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். குழாய் நீரின் பிஎச் 8.0. கார்டினல் டெட்ரா என்ற சிறு மீன்களை விட ஆசை. அவற்றுக்கு 6.5 வேண்டும் என்று படித்துவிட்டு, பிஎச் குறைக்கும் திரவம் ஊற்றினேன். மாலையில் 6.8 காட்டுகிறது, காலையில் பார்த்தால் 7.8. மறுபடி ஊற்றினால் மறுபடி அதே கதை. அளவைக் கூட்டலாமா?

ஆற்றுக்கல்:
கூட்ட வேண்டாம். அந்தப் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். உங்கள் நீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. அமிலம் ஊற்றியதும் அதில் கொஞ்சம் கரியமில வாயுவாக மாறுகிறது. அந்த வாயு நீரில் கரைந்திருக்கும் வரைதான் பிஎச் கீழே இருக்கும். இரவோடு அது காற்றில் கலந்துவிடும், பிஎச் ஏறிவிடும். இதில் ஆபத்து என்னவென்றால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது. அது முற்றிலும் தீரும் நாளில் அதே அளவு திரவம் பிஎச்சை ஒரேயடியாகச் சரித்துவிடும். கேஎச், அதாவது நீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். பிஎச்சை விட எனக்கு அந்த எண்தான் முக்கியம்.

செவுள்:
குழாய் நீரில் கேஎச் 9. தொட்டியில் 6 காட்டுகிறது.

ஆற்றுக்கல்:
பார்த்தீர்களா, மூன்று டிகிரியை அமிலம் தின்றுவிட்டது. பிஎச்சோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. திரவத்தை நிறுத்திவிட்டு குழாய் நீரிலேயே தொட்டியை ஓட்டுங்கள். நிலையான 7.8, தினமும் ஏறி இறங்கும் 6.8-ஐ விட எவ்வளவோ மேல். கடையில் வாங்கும் டெட்ரா பெரும்பாலும் அதற்குப் பழகிவிடும்.

கருநீர்:
திரவம் பற்றி ஆற்றுக்கல் சொன்னது சரி. "பழகிவிடும்" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கார்டினல் ரியோ நீக்ரோ படுகையின் மீன். அந்த ஆற்று நீரின் பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் இருக்கும். கரைந்த உப்புகளோ மழைநீர் அளவுக்குத்தான். அதன் உறவான நியான் டெட்ரா பண்ணையில் பல தலைமுறைகளாக வளர்கிறது. கார்டினலில் இன்றும் ஆற்றில் பிடித்தவை விற்பனைக்கு வருகின்றன. அப்படி வந்த மீனை கேஎச் 9 நீரில் விட்டால் உயிர் பிழைக்கலாம். நிறம் ஏறி, முட்டையிட்டு, ஆண்டுக்கணக்கில் வாழ்வதா என்பது வேறு கேள்வி. கடின நீரில் அதன் முட்டைகள் சரியாகப் பொரிவதும் இல்லை.

இன்னொன்று. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் 0.6 சதவீதம். பிஎச் 8-ல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். வடிகட்டி ஒரு நாள் நின்றுபோனால் எந்தத் தொட்டி தப்பும்?

ஆற்றுக்கல்:
அம்மோனியா கணக்கு சரிதான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவுக்கும் காரத்தன்மை, அதாவது அதே பைகார்பனேட், வேண்டும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், செலவாகும். கேஎச் 1 என்பதே லிட்டருக்கு 17.9 மில்லிகிராம்தான். மென்நீர்த் தொட்டியில் நீர் மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாலும் கேஎச் பூஜ்யத்துக்கு வரும், பிஎச் 6-க்குக் கீழே போகும், பாக்டீரியா வேலையைக் குறைத்துவிடும். அம்மோனியாவின் நச்சில்லாத வடிவமான அம்மோனியம் சேர்ந்துகொண்டே போகும். அந்த பிஎச்சில் மீன் சாகாது, அதனால் யாருக்கும் தெரியாது. பதறிப்போய் பாதி நீரை பிஎச் 8 குழாய் நீரால் மாற்றுவார்கள் பாருங்கள், சேர்ந்திருந்ததெல்லாம் சில நிமிடங்களில் நச்சாகிவிடும். சோடா உப்பை அள்ளிப் போட்டாலும் இதே விளைவுதான்.

மீனைத் தாக்குவது பெரும்பாலும் பிஎச் எண்ணும் இல்லை. செடித் தொட்டிகளில் கரியமில வாயு செலுத்துகிறோம். பகலில் பிஎச் முழு ஒன்று இறங்கி இரவில் ஏறுகிறது. டெட்ராக்கள் அதில் நன்றாகவே இருக்கின்றன. கரைந்த உப்பின் அளவு சட்டென்று மாறுவதுதான் அவற்றை வாட்டுகிறது.

ஏரிமீன்:
மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: மீனை மாற்றுங்கள். பிஎச் 8, கேஎச் 9 கப்பி, மோலி மீன்களுக்கு அருமையான நீர். நான் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்கள் வளர்க்கிறேன். அந்த ஏரியின் பிஎச் 7.7-லிருந்து 8.6 வரை. நாங்கள் பவளத்தூள் போட்டுக் காப்பாற்றும் நீர் உங்களுக்குக் குழாயிலேயே வருகிறது.

செவுள்:
புரிகிறது, ஆனால் எனக்குக் கார்டினல்தான் வேண்டும். தொட்டியில் மரக்கட்டையும் காய்ந்த பாதாம் இலையும் போட்டால் குறையாதா?

கருநீர்:
கேஎச் 9-ல் குறையாது. நீர் தேநீர் நிறமாகும், பிஎச் அசையாது. முதலில் கார்பனேட்டைக் குறைக்க வேண்டும். அதற்கு ஆர்ஓ நீர், அதாவது சவ்வில் வடிகட்டி உப்பு நீக்கிய நீர், கலப்பதுதான் நேர்வழி. ஆற்றுக்கல், உங்கள் பேச்சிலிருந்தே எடுக்கிறேன்: உப்பின் அளவுதான் மீனுக்கு முக்கியம் என்றால், அதை ஆற்றுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதுதானே நியாயம்?

ஆற்றுக்கல்:
அதை மறுக்கவில்லை. மென்மையாக்குவதற்கும் பிஎச்சைத் துரத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. செவுள், ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிஎச் மடக்கை அளவு, ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. கேஎச் பாதியானால் பிஎச் 0.3 அளவுதான் இறங்கும். ஒரு பங்கு குழாய் நீர், இரண்டு பங்கு ஆர்ஓ கலந்தால் கேஎச் 3, பிஎச் 7.5 அருகில். எண்ணைப் பார்த்து ஏமாந்து மறுபடி பாட்டிலைத் திறக்காதீர்கள். உங்கள் மீனுக்கு அந்த நீர் ஏற்கெனவே நிறைய மாறிவிட்டது.

கருநீர்:
நான் கேஎச் 1 வரை போவேன்.

ஆற்றுக்கல்:
நீங்கள் போகலாம், வாராவாரம் அளக்கிறீர்கள். முதல் தொட்டி வைத்திருப்பவருக்கு 3-க்குக் கீழே நான் சொல்ல மாட்டேன்.

கருநீர்:
சரி, இனப்பெருக்கத்துக்குத் தனித் தொட்டி வைக்கும்போது 1-க்குப் போகட்டும். இந்தத் தொட்டிக்கு 3 போதும். இப்போது மரக்கட்டையும் இலையும் போடுங்கள் செவுள், கேஎச் 3-ல் அவற்றுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். மீன் இன்னும் வரவில்லை என்பதால் தொட்டி நீரை இப்போதே மாற்றிவிடலாம். இனி மாற்றும் நீரையும் முந்தின நாளே இதே விகிதத்தில் கலந்து, காற்றுக் கல் போட்டு வையுங்கள். குழாயிலிருந்து பிடித்த உடனே அளக்கும் பிஎச் சரியாக இருக்காது, ஒரு நாள் நின்றபின் அளந்து பாருங்கள்.

செவுள்:
நன்றி. மீன் வந்ததும் நேராக விடலாமா?

ஆற்றுக்கல்:
கடைக்காரரிடம் பையில் உள்ள நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, கேளுங்கள், அல்லது நீங்களே அளந்து பாருங்கள். உங்கள் நீருக்கு நெருக்கமாக இருந்தால் வெப்பநிலை சமமானதும் விடலாம். அந்த நீர் மிகவும் கடினமாக இருந்தால் மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள், ஒரு மணி நேரம் போல. நெடுந்தூரம் பையில் வந்த மீன் என்றால் அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், உள்ளே சேர்ந்த அம்மோனியம் நச்சாக மாறும்.