நம்ம வீட்டுக் குழு: பொங்கல் மலருக்கு ஒரு சிரிப்புக் கட்டுரை

*கவிதா, 7:42*
மாமா, பெரியம்மா, இருக்கீங்களா? எங்க குடியிருப்புப் பொங்கல் மலருக்கு என்னைப் பத்தி நானே ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதித் தரணும். 600 வார்த்தை. ஞாயித்துக்கிழமைக்குள்ள. என் மறதியை வச்சு எழுதலாம்னு நினைக்கிறேன்.

*சிவா மாமா, 7:50*
மறதி வேண்டாம்மா. பத்திரிகை ஆபீஸ்ல எடிட் பண்ற காலத்துலேயே மறதிக் கட்டுரை கட்டுக்கட்டா வரும். அதுவா நடக்கிற விஷயம் அது, அதுல நீ எதுவும் செய்யலை. நாம தெரிஞ்சே ஒரு காரியத்தைத் தப்பான வழியில பிடிவாதமா செய்யறப்போதான் சிரிப்பு வரும். அப்படி ஒரு பொடிக் குணமா யோசி.

*கவிதா, 7:58*
யாராவது வழி கேட்டா தெரியாதுன்னு சொல்ல வராது. ஏதோ ஒரு பக்கம் கையை நீட்டிடுவேன். இது சரியா வருமா?

*சிவா மாமா, 8:01*
ரொம்ப நல்லா வரும். உதவணும்ங்கிற ஆசை இருக்கு. அதுக்காக ஒரு பொய் இருக்கு. அனுப்பின ஆள் திரும்பி வந்துடுவாரோங்கிற பயமும் இருக்கு. இந்த மூணும் போதும், கட்டுரை நிக்கும்.

*மீனாட்சி பெரியம்மா, 8:04*
அந்தக் கால நகைச்சுவை எழுத்தாளர் எஸ்.வி.வி. திருவண்ணாமலையில வக்கீலா இருந்தவர். ஆனா வீட்டுக்குள்ள நடக்கிற சின்னச் சின்ன விஷயத்தை வச்சே அவ்வளவு எழுதினார். விஷயம் தேடி ஊர் சுத்தவேண்டாம் கவிதா. வழி சொல்றது ஒண்ணே போதும். கூடவே சமையல், கணக்குன்னு சேர்த்தா ஒண்ணும் தேறாது.

*பிரபு அண்ணா, 8:10*
600 வார்த்தையை இப்படிப் பிரிச்சுக்க. தொடக்கம் 60. முதல் சம்பவம் 120. ரெண்டாவது 170. மூணாவது 200. முடிவு 50. ஒவ்வொரு சம்பவத்துலயும் ஆபத்து ஏறணும். முதல்ல நடந்து போற ஒருத்தர், அப்புறம் பெரிய கூட்டம். நாலாவது சம்பவம் வேண்டாம், வெறும் பட்டியலாயிடும்.

*லதா அத்தை, 8:12*
நடுவுல வர்றேன், மன்னிச்சுக்குங்க. அம்மாவோட பிரஷர் மாத்திரை வாங்கியாச்சா?

*பிரபு அண்ணா, 8:13*
வாங்கி வச்சாச்சு அத்தை. ஃபிரிட்ஜ் மேல இருக்கு.

*கவிதா, 8:40*
தொடக்கம் எழுதிட்டேன், பாருங்க:
"மனிதராகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு பலவீனம் உண்டு. அந்த வகையில் எனக்கும் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. ஒருநாள் ஒரு பெரியவர் தபால் ஆபீஸ் எங்கே என்று கேட்டார். நான் அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஹா ஹா!!! இதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்."

*மீனாட்சி பெரியம்மா, 8:52*
முதல் ரெண்டு வாக்கியத்தை அடிச்சிடு. யார் கட்டுரைக்கு முன்னால வச்சாலும் பொருந்தும் அது. பெரியவர் கேட்கிற இடத்துலேயே ஆரம்பி. "ஹா ஹா"வும் ஆச்சரியக்குறியும் போகட்டும். வீட்டுல சிரிச்சாங்கன்னு எழுதினா, படிக்கிறவங்க எதுக்குச் சிரிக்கணும்? அந்த வேலையை அவங்களுக்கு விடு.

*சிவா மாமா, 8:55*
சுடுகாடும் வேண்டாம். வயசானவரை அங்க அனுப்பினா மலர் படிக்கிற பெரியவங்களுக்கு மனசு சங்கடப்படும். மாட்டாஸ்பத்திரின்னு வை.

*மீனாட்சி பெரியம்மா, 9:03*
இன்னொண்ணு, இதுதான் முக்கியம். தமிழ்ல வினைச்சொல் கடைசியில வரும். "நான் அவரை மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன்"னு எழுதினா சிரிக்கவேண்டிய சொல் நடுவுல மாட்டிக்கும், "அனுப்பிவிட்டேன்" வந்து அதை அமுக்கிடும். வாக்கியத்தைத் திருப்பிப் போடு:
"பெரியவர் கேட்டது தபால் ஆபீஸ். நான் காட்டிய வழியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் மாட்டாஸ்பத்திரி."
கேட்டது, வாங்கியது, சேர்ந்த இடம்னு முன்னால வச்சுட்டா பெயர்ச்சொல் கடைசிக்கு வந்துடும். அதுக்குப் பின்னால ஒரு சொல்கூட வேண்டாம், முற்றுப்புள்ளி வை. எல்லா வாக்கியத்தையும் இப்படி எழுதாதே. பத்தியில ஒண்ணு போதும்.

*கவிதா, 9:06*
படிச்சுப் பார்த்தேன் பெரியம்மா, நிஜமாவே வித்தியாசம் தெரியுது!

*பிரபு அண்ணா, 9:11*
அவர் கையில என்ன இருந்துச்சு? ஸ்பீடு போஸ்ட் கவர்னு எழுது. அதைப் பிடிச்சுக்கிட்டு மாடுகளுக்கு நடுவுல நிக்கிறார்னா காட்சி தானா வந்துடும். நீ வழி சொன்னதையும் "கொஞ்ச தூரம் போங்க"ன்னு எழுதாதே. "ரெண்டாவது வேகத்தடை தாண்டி, மூடிக் கிடக்கிற ஸ்டூடியோவுக்கு எதிர்ல, பச்சை கேட்." தெரியாத வழியை இவ்வளவு துல்லியமா சொல்றதுலதான் சிரிப்பே.

*சிவா மாமா, 9:15*
அருமை பிரபு. மிகைப்படுத்துறதுக்கும் அளவு உண்டு கவிதா. நடந்ததைப் பெரிசு பண்ணாதே, உன் மனசுல ஓடினதைப் பெரிசு பண்ணு. "அவர் பத்து நாள் அலைந்தார்"னா யாரும் நம்பமாட்டாங்க. "அவர் தெரு முனையில் திரும்பும்வரை நீட்டிய கையை நான் இறக்கவில்லை"ன்னா நம்புவாங்க, சிரிப்பாங்க.

*கவிதா, 9:18*
என்னை நானே நல்லா மட்டம் தட்டிக்கணுமா மாமா?

*சிவா மாமா, 9:21*
கூடாது. படிக்கிறவங்களுக்கு உன்மேல இரக்கம் வந்துட்டா சிரிப்பு அங்கேயே நின்னுடும். ஊருக்கே வழிகாட்டிங்கிற பெருமையோட கட்டுரையில வர்ற கவிதா பேசணும். தப்பு நமக்குத் தெரியும், அவ மட்டும் அதை ஒத்துக்க மாட்டா. மாப்பிள்ளையைக் கொண்டு வந்தா அவரைப் புத்திசாலியா காட்டு. அந்தப் பகுதியை முன்கூட்டியே அவர்கிட்ட காட்டிடு. அடுத்தவங்க உடம்பு, நிறம், சாதி, பேச்சுக் குறை எதையும் தொடாதே.

*மீனாட்சி பெரியம்மா, 9:26*
கதை சொல்றது எழுத்து நடையில இருக்கட்டும், ஆட்கள் பேசுறது பேச்சு நடையில. ஒண்ணு ரெண்டு இடத்துல மனு எழுதுற மாதிரி "மேற்படி பெரியவர்"னு போடலாம். அதுக்கு மேல போனா அலுத்துடும். முடிவுல "அன்று முதல் நான் திருந்திவிட்டேன்" வேண்டவே வேண்டாம். யாரோ வழி கேட்கிறாங்க, கை எழும்புது. அவ்வளவுதான்.

*பிரபு அண்ணா, 9:30*
முதல்ல 750 வார்த்தை எழுதிட்டு வெட்டு. சிரிக்கிற இடத்துக்கு அடுத்த வாக்கியம் அதையே விளக்குதான்னு பாரு. விளக்கினா தூக்கிடு. பெரும்பாலும் 100 வார்த்தை அதுலயே போகும். ஒரு நாள் ஆறப்போட்டு வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்கிற இடத்துல வாக்கியத்தை ரெண்டா உடை.

*சிவா மாமா, 9:33*
யூனிகோடுல டைப் பண்ணி அனுப்பு. பாமினி மாதிரி பழைய எழுத்துருல போனா, யூனிகோடுக்கு மாத்தும்போது எழுத்து கெட்டுப்போகும். சிரிப்புக் கட்டுரையில ஒரு எழுத்து மாறினாலும் போச்சு. அச்சுக்கு முன்னால புரூஃப் கேட்டு வாங்கிப் பாரு.

*கவிதா, 9:35*
சரி மாமா. ரெண்டாவது சம்பவத்துக்கு ஆட்டோவா, கல்யாண வேனா?

*சிவா மாமா, 9:36*
ஆட்டோ. வேனை மூணாவதுக்கு வச்சுக்க. மேளக்காரங்க அதுலேயே இருக்கட்டும்.