திரில்லர்ல தெரிஞ்ச முகம் வந்தாலே கொலகாரன் யாருன்னு மாட்டிக்குது, காஸ்டிங் எப்படி பண்றது?

ஆயர்ஈத்தாம்_பையன்:
வணக்கம். பினாங்குல நாங்க ஒரு சின்ன டீம், டிவிக்கு ஒரு திரில்லர் டெலிமூவி எடுக்கப் போறோம். கதை ஃபுல்லா ஒரே ஃபிளாட்லதான், மூணாவது மாடியில ஒரு அம்மா செத்துக் கெடக்காங்க, அதே மாடியில இருக்கற நாலு வீட்டுல ஒருத்தர்தான் செஞ்சது. தயாரிப்பாளரு சீரியல்ல நல்லா பேரெடுத்த ஒருத்தரத்தான் கொலகாரன் ரோலுக்கு போடணும்னு நிக்கறாரு, மத்த மூணு பேரும் புதுமுகம். நம்ம ஊருல நடிக்கறவங்களே கொஞ்சம் பேருதான், எல்லா முகமும் எல்லாருக்கும் தெரியும். அவரு கதவ திறந்து எட்டிப் பாத்தாலே போதும், "இவ்ளோ பெரிய ஆள இதுக்கா கூப்பிட்டாங்க, இவன்தான்"னு வீட்டுல பாட்டி சொல்லிடுவாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்கலா.

செந்தூல்_அசிஸ்டண்ட்:
தம்பி, முகத்த விட நடிப்புதான் காட்டிக் குடுக்கும். நான் வேல செஞ்ச ஒரு படத்துல பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆடிஷன் வச்சோம், "இந்தப் பக்கம் யாரும் வரலயே"ன்னு ஒரே வரிதான். சீரியல்ல பழகினவங்க எல்லாம் அத சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேப் விட்டு கண்ண ஒரு பக்கம் ஓட்டிட்டு சொல்றாங்க, அவ்ளோதான், சஸ்பென்ஸ் போச்சு. கோயில் திருவிழா நாடகத்துல நடிக்கற ஒரு அண்ணன் வந்தாரு, வாசல்ல சிலிப்பர தேடிக்கிட்டே, எங்கள நிமிர்ந்துகூட பாக்காம அந்த வரிய சொல்லிட்டுப் போய்ட்டாரு. அவரத்தான் எடுத்தோம். உங்க ஸ்டார்கிட்டயும் அந்த மாதிரி கைக்கு ஒரு வேலய குடுத்து வசனம் பேச சொல்லிப் பாருங்க. 2015ல வந்த ஜகாட் படத்துல முக்கியமான ரோலே ஒரு சின்னப் பையன் கையிலதான் இருந்துச்சு, அது மறு வருசம் மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியப் படம்னு வாங்குச்சு, அதனால ஸ்டார் இல்லாட்டி படமே நிக்காதுன்னு யாரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மாலா:
ஸ்டார் இருந்தா கெட்டுடும்னும் சொல்ல முடியாது, எங்க வைக்கறோம்ங்கறதுதான் விஷயம். 1954லயே எஸ். பாலசந்தர் "அந்த நாள்"னு ஒரு படம் எடுத்தாரு, ஏவிஎம் தயாரிப்பு. பராசக்தி வந்து ரெண்டு வருசந்தான் ஆவுது, அப்பேர்ப்பட்ட சிவாஜிய ஆரம்பத்துலயே சுட்டு விழ வச்சிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரும் சொல்ற ஃபிளாஷ்பேக்லதான் அவர காட்டுவாரு. பாட்டு ஒண்ணுகூட இல்ல. தேசிய விருதுல சான்றிதழ் கெடச்சும் அப்போ தியேட்டர்ல ஓடல, பாட்டுக்காக வந்த ஜனம் ஏமாந்து போச்சு, இன்னிக்குப் பாத்தாலும் அசரும். 1978ல சிகப்பு ரோஜாக்கள்ல பாரதிராஜா வேற வழி பண்ணாரு, காதலிக்கற ஹீரோவா ஜனங்க பாத்துப் பழகின கமலயே கொலகாரனாக்கிட்டாரு. பெரிய ஆள பெரிய ரோல்ல வச்சா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க தம்பி, சின்ன ரோல்ல வச்சாத்தான் வம்பு. உங்க சீரியல்காரர செத்துப்போன அம்மாவோட மகனாவோ விசாரிக்க வர்ற இன்ஸ்பெக்டராவோ போடுங்க, கொலகாரனுக்கு வேற ஆள் பாருங்க.

ஆயர்ஈத்தாம்_பையன்:
மாலாக்கா, இன்ஸ்பெக்டர் ஐடியா சூப்பர், ஆனா தயாரிப்பாளரு அசைய மாட்டேங்கறாரே, கிளைமாக்ஸ்ல அவர்தான் மாட்டணுமாம்.

பட்டர்வொர்த்_எடிட்டர்:
அப்படின்னா மத்த மூணு வீட்டுலயும் தெரிஞ்ச முகத்தயே போடுங்க தம்பி, புதுமுகம் வேணாம். ரேடியோ அறிவிப்பாளர் ஒருத்தர், காமெடி பண்றவர் ஒருத்தர், அம்மா ரோல்ல எப்பவும் வர்றவங்க ஒருத்தர். நாலு பேரும் தெரிஞ்சவங்கன்னா பாட்டி யாரன்னு சொல்லுவாங்க? காசு கூட ஆவும்தான், ஆனா எல்லாருக்கும் ரெண்டு மூணு நாள் ஷூட்டிங்தான், ஒரே ஃபிளாட்டுங்கறதால ஒரே வாரத்துல முடிச்சிடலாம். இன்னொண்ணு, டைட்டில்லயும் போஸ்டர்லயும் அவரு பேர தனியா பெருசா போட விடாதீங்க, நாலு பேரையும் ஒரே சைஸ்ல போடணும்னு கான்ட்ராக்ட்லயே இப்பவே எழுதிடுங்க. டிரெய்லர்ல அவரு முகத்து மேல அந்த "டும்"னு வர்ற மியூசிக்க போட்டுடாதீங்க, புரோமோ வெட்டறவங்க உங்கள கேக்காமலே போட்டுடுவாங்க, பக்கத்துல உக்காந்து பாருங்க.