வயலில் பிளாட் போட வந்தபோது: ஆட்சேபணை கொடுத்தவர்களின் அனுபவங்கள்

மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்ப் பாசன ஊர் எங்களுடையது. பொக்லைன் வந்து வரப்பை நிரவிய அன்றுதான் பிளாட் போடப்போகிற சங்கதியே ஊருக்குத் தெரியும். விற்றவர்கள் எங்கள் பங்காளிகள்தான். மகள் கல்யாணம், கடன். அவர்கள்மேல் என்ன கோபப்படுவது? ஆனால் அந்த நிலத்துக்கு நடுவே ஒரு வாய்க்கால் போகிறது, அதை நம்பிக் கீழ்ப்பக்கம் இன்னும் நடவு நடக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஊர் முழுக்கக் கையெழுத்து. அங்கே கேட்டது ஒரே கேள்விதான்: "வாய்க்கால் எந்த சர்வே நம்பர்?"

ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர் வழி சொன்னார். 'அ' பதிவேடும் (ஊர் நிலங்களின் சர்வே எண் வாரியான பதிவேடு) புலப்பட நகலும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்கிப் பார்த்தால், வாய்க்கால் தனி உட்பிரிவாக, புறம்போக்கு என்றே இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய மனை வரைபடத்திலோ அதே இடம் 30 அடி ரோடு! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நகர் ஊரமைப்பு அலுவலகம், ஆட்சியர், நீர்வளத்துறை செயற்பொறியாளர் மூவருக்கும் பதிவுத் தபாலில் போட்டோம். நஞ்சையை மனையாக்க 2017 நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளின்படி ஆட்சியர் ஒப்புதல் வேண்டும், வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்கவேண்டும் என்பதையும் அதில் எழுதினோம். அப்புறம்தான் சர்வேயர் சங்கிலியோடு வந்தார்.

வாய்க்கால் தப்பியது. வரைபடத்தைத் திருத்தி, ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலம் வைத்தார்கள். வயல் போனது போனதுதான். இப்போது அதற்கு ஒரு 'நகர்' பெயரும் வந்துவிட்டது.

*

அண்ணே, நாங்கள் கும்பகோணம் பக்கம். இங்கே நிறையப் பேர் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டினால் மனைப்பிரிவு நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். பட்டியலைப் படித்துப் பாருங்கள். புதிய எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் மாதிரியான தொழில்களுக்குத்தான் தடை, வீட்டு மனை அதில் இல்லை. எங்கள் வக்கீல் முதல் நாளே அதை மனுவிலிருந்து அடித்துவிட்டு, வடிகாலை மட்டும் பிடித்துக்கொண்டார். மழை வெள்ளம் எந்த வழியாகப் போகும் என்பதற்கு அந்தப் பக்கம் பதிலே இல்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.

*

கோயம்புத்தூர்ங்க. எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம் போகிறது, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். அதை ஒட்டியே எல்லைக்கல் நட்டு, கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆள் கூட்டிவந்து மனை காட்டினார்கள். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. அவர்கள் கொடுத்த விளம்பர நோட்டீஸை வாங்கிப் பார்த்தோம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால், பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது. நோட்டீஸை இணைத்துப் புகார் போட்டோம், விற்பனை நின்றது.

சில மாதம் கழித்துப் பதிவு எண்ணோடு திரும்ப வந்தார்கள், அது வேறு கதை. ஆனால் இந்தத் தடவை பள்ளத்தை விட்டுத் தள்ளியே கல் நட்டிருக்கிறார்கள். வேனில் வருகிறவர்களிடம் மழைக்காலத்துப் போட்டோக்களை நாங்களும் காட்டுகிறோம். வாங்குகிறவர் பாவம், அவருக்கும் தெரியவேண்டுமில்லையா?

மதுரை அண்ணா, நீர்வளத்துறையிலிருந்து எழுத்துப்பூர்வமாகப் பதில் ஏதாவது வந்ததா? வந்திருந்தால் அதில் என்ன எழுதியிருந்தார்கள் என்று சொல்லுங்கள். எங்களுக்கு அடுத்து அதுதான் வேண்டியிருக்கிறது.