சுனாமியும் டைடல் வேவும் ஒண்ணா, வேற வேறயா?

நீலவானம்:
பழைய இங்கிலீஷ் புக் ஒண்ணு படிச்சிட்டிருக்கேன், அதுல கடல் ஊருக்குள்ள புகுந்ததை டைடல் வேவ்னு எழுதியிருக்காங்க. படிக்கிறப்போ சுனாமியத் தான் சொல்றாங்கன்னு நல்லாவே தெரியுது. ஆனா டைடுன்னா ஓதம் தானே, நிலாவால கடல் ஏறி வத்துறது, ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சோம். அப்போ சுனாமிக்கும் நிலாவுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? 2004 டிசம்பர் 26 பௌர்ணமி வேற, அதனால சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. தெரிஞ்சவங்க விளக்குங்களேன்.

ஆழ்கடல்:
சம்பந்தம் இல்லைங்க. ஓதம்ங்கிறது நிலாவும் சூரியனும் இழுக்கிறதால வர்றது, ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் பெரும்பாலான இடத்துல 12 மணி 25 நிமிஷம், இன்னைக்கு எத்தனை மணிக்கு வரும்னு முன்கூட்டியே அட்டவணை போட்டுடலாம். சுனாமிக்கு அட்டவணையே கிடையாது. கடலுக்கு அடியில தரை திடீர்னு மேல தூக்கினாலோ கீழ இறங்கினாலோ அதுக்கு மேல நிக்கிற மொத்த தண்ணியும் சேர்ந்து அசையும், அது தான் சுனாமி. 2004ல சுமத்ரா பக்கம் கிட்டத்தட்ட 1300 கிமீ நீளத்துக்கு பிளேட், அதாவது பூமியோட மேல் ஓட்டுல இருக்கிற பெரிய பாறைத் தட்டு, நழுவிச்சு, அந்த அலைக்கு சக்தி அங்கிருந்து தான் வந்துச்சு, நிலா கிட்டேர்ந்து இல்ல. நிலச்சரிவு, எரிமலை வெடிப்பு இதாலயும் வரும், 1883ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சப்போ செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க சுனாமியில போனவங்க தான். அதனால டைடல் வேவ்ங்கிற பேரே தப்பு, விஞ்ஞானிங்க அதை கைவிட்டு ரொம்ப நாளாச்சு.

கரையோரம்:
மேல சொன்னது சரி, ஆனா பேரு தப்புன்னு சொல்லிட்டு அப்படியே விட்டுட முடியாது, ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு யோசிச்சா தான் சுனாமி எப்படி இருக்கும்னே புரியும். நிறைய பேர் மனசுல சுனாமின்னா சுருண்டு கவுந்து விழுற ஒரு பெரிய அலை, படத்துல வரைஞ்ச மாதிரி. பெரும்பாலும் அப்படி இருக்காது. கடல் மட்டமே உயர்ந்து உள்ள வந்துகிட்டே இருக்கும், நிக்காது, பாக்குறதுக்கு ஓதம் ஏறுற மாதிரியே இருக்கும், ஆனா ஆறு மணி நேரத்துல ஏற வேண்டியது சில நிமிஷத்துல ஏறிடும். கரையில நின்னு பாத்தவங்களுக்கு டைடுன்னு தோணுனதுல ஆச்சரியமே இல்ல. சாதாரண காத்தடிக்கிற அலை பத்து பதினஞ்சு செகண்டுக்கு ஒண்ணு வரும், உயரம் ஜாஸ்தியா இருந்தாலும் பின்னாடி தண்ணி கொஞ்சம் தான், அதனால உடைஞ்சு திரும்பிடுது. சுனாமியில ஒரு அலைக்கும் இன்னொரு அலைக்கும் நடுவுல பத்து நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகலாம், நூறு கிமீக்கு மேல நீளம் இருக்கிற தண்ணி பின்னாடி தள்ளிகிட்டே வருது.

ஓதத்துக்கும் சுனாமிக்கும் இன்னொரு ஒத்துமையும் உண்டு. ரெண்டுமே கடல் ஆழத்தை விட பல மடங்கு நீளமான அலைங்க, அதனால மேல்தண்ணி மட்டும் இல்லாம அடி வரைக்கும் நகருது, வேகத்தை ஆழம் தான் முடிவு பண்ணுது. 4000 மீட்டர் ஆழத்துல மணிக்கு 700 கிமீக்கு மேல, 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தா 36 கிமீ தான். முன்னாடி போற தண்ணி வேகம் குறையுது, பின்னாடி வர்றது இன்னும் வேகமா வருது, அதான் கரைகிட்ட உயரம் கூடுது. நடுக்கடல்ல கப்பல்ல இருக்கிறவங்களுக்கு அலை போனதே தெரியாது. சுனாமிங்கிற ஜப்பான் சொல்லுக்கு துறைமுக அலைன்னு தான் அர்த்தம், ஜப்பான்காரங்க அப்படி பேர் வெச்சதும் பொருத்தமா தான் இருக்கு.

மழைக்காலம்:
மூணாவதா ஒண்ணு இருக்கு, அதையும் பேப்பர்ல டைடல் வேவ்னே எழுதியிருக்காங்க. புயல் கரையைக் கடக்கிறப்போ காத்து தண்ணிய கரைக்கு தள்ளி கடல் உள்ள வர்றது, புயல் எழுச்சின்னு சொல்வோம். 1970ல இப்போ வங்கதேசம் இருக்கிற பகுதியில அடிச்ச போலா புயல்ல லட்சக்கணக்கான பேர் செத்தது இதால தான், அது சுனாமியும் இல்ல ஓதமும் இல்ல. நிஜமா டைடல் வேவ்னு சொல்லணும்னா ஓதம் ஏறுறப்போ ஆத்து முகத்துவாரத்துல தண்ணி செவுரு மாதிரி எதிர்த்து ஏறுமே அதைச் சொல்லலாம், சீனால சியான்டாங் ஆத்துல அதைப் பாக்கவே ஜனம் கூடும்.

நீலவானம்:
ரொம்ப நன்றிங்க, இப்போ தெளிவாச்சு. ஒண்ணே ஒண்ணு, சுனாமி வர்ற நேரத்துல ஓதம் ஏறியிருந்தா வித்தியாசம் இருக்குமா?

கரையோரம்:
கண்டிப்பா இருக்கும், கடல் ஏற்கனவே எவ்வளவு உயர்ந்திருக்கோ அதுக்கு மேல தான் சுனாமி ஏறும். 1964 மார்ச்ல அலாஸ்கா நிலநடுக்கத்துக்கு அப்புறம் கலிபோர்னியால கிரெசன்ட் சிட்டிங்கிற ஊருக்கு அலை போச்சு. முதல் அலைங்க வந்து வடிஞ்சதும் முடிஞ்சுதுன்னு நினைச்சு சிலர் கடையைச் சுத்தம் பண்ண திரும்பிப் போயிட்டாங்க. நாலாவது அலை தான் எல்லாத்தையும் விட பெருசு, அதுவும் ஓதம் ஏறியிருந்த நேரத்துல வந்துச்சு, திரும்பிப் போனவங்கள்ல பல பேர் உயிரோட வரல. கடல் உள்வாங்கினா ஓடணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா உள்வாங்காமலே நேரா ஏறுறதும் உண்டு, அதனால கரையில நிக்கிறப்போ நிலம் ரொம்ப நேரம் ஆடுச்சுன்னா அதையே எச்சரிக்கையா எடுத்துகிட்டு மேடான இடத்துக்குப் போயிடுங்க, அதிகாரிங்க சொல்ற வரைக்கும் கீழ இறங்காதீங்க.